மொட்டை மாடியில் ஒரு மத்துக் காற்றாடி

ராஜபாளையம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் அங்கங்கே மில் ஷெட்டு, குடோன் கூரைகளைக் கவனித்திருக்கலாம். வெள்ளிப் பூசணிக்காயை உட்கார்த்தி வைத்தாற்போல் தகர உருண்டைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. காற்று வடக்கிலிருந்து வந்தாலும் தெற்கிலிருந்து வந்தாலும் அதுபாட்டுக்குச் சுற்றும். உள்ளே வேலை செய்கிறவர்களின் தலைக்கு மேல் தேங்கி நிற்கும் சூட்டை வெளியே இழுத்துத் தள்ளுவதுதான் அதன் வேலை. என் வீட்டுக்காரர் மில்லில் ஒயர்மேன். "சும்மா போற காத்தைக் கூப்பிட்டு வேலை குடுத்திருக்காங்க" என்பார்.

சங்கரன்கோவிலைத் தாண்டிப் போனால் காற்றாடி வேறு தினுசு. மூன்று இறக்கையுடன் ராட்சசன் மாதிரி நிற்கும். நூல் நூற்கிற ராட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அச்சு படுத்திருக்கும், சக்கரம் நிமிர்ந்து சுற்றும். சங்கரன்கோவில் காற்றாடி அந்த ஜாதி. மோர் கடைகிற மத்துக்கு அச்சு நட்டமாக நிற்கும். மில் கூரை உருண்டை அந்த ஜாதி. இந்த மத்து ஜாதியில் மின்சாரம் எடுக்கிற காற்றாடியும் உண்டு. படித்தவர்கள் அதைச் செங்குத்து அச்சுக் காற்றாலை என்கிறார்கள். நான் மத்துக் காற்றாடி என்றே எழுதுகிறேன், நமக்கு அதுதான் சட்டென்று விளங்கும்.

இப்போது இதைப் பற்றி எழுதக் காரணம், இந்த மத்துக் காற்றாடி வீட்டு மொட்டை மாடிக்கே விலைக்கு வர ஆரம்பித்துவிட்டது. தேவதானத்தில் எங்கள் தெருவுக்கே ஒருத்தர் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்துத் தெருவில் இருக்கிற என் சின்ன நாத்தனார் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள். கரண்ட் போனால் அன்றைக்குக் கூலி போச்சு. "மதினி, ஆடிக் காத்துல நம்ம மாடியில அம்மியே நிக்காது, காத்தாடி நிக்காமச் சுத்தும்லா? சங்கிலியை வச்சாவது போட்டுட்டா ஆயுசுக்கும் கரண்ட் பில்லு கிடையாதுங்காரு" என்று வந்து நின்றாள். பேட்டரியோடு சேர்த்து 45 ஆயிரம் சொல்லியிருந்தார்கள். கழுத்தில் கிடக்கிற ஒற்றைச் சங்கிலியை அடகுக் கடைக்கு அனுப்புகிற விஷயம். "கார்த்திகை வரைக்கும் பொறு, விசாரிப்போம்" என்று சொல்லி வைத்தேன். விசாரித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் இந்த ஜாதிக் காற்றாடி புதுசு இல்லை. ஈரான் நாட்டின் வடகிழக்கே நஷ்டிஃபான் என்று ஓர் ஊர். அங்கே மண் சுவர்களுக்கு நடுவே மரப் பலகைகளை நட்டமாகக் கட்டி, காற்றில் சுற்ற விட்டு, கீழே திருகைக் கல்லை இணைத்து மாவு அரைத்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட ஏற்பாடு, இன்றைக்கும் சில நிற்கின்றன. அந்தப் பக்கம் கோடையில் ஏறக்குறைய 120 நாள் விடாமல் காற்று அடிக்குமாம். நம் ஆனி, ஆடி மாதிரி! மேலே சுற்றுகிற அச்சே நேராகக் கீழே இறங்கி அரைவைக் கல்லைச் சுற்றுவதால் நடுவில் பல் சக்கரம்கூட வேண்டியதில்லை. நம் வீட்டுத் திருகையைக் கையால் சுற்றுவதற்குப் பதில் காற்று சுற்றுகிறது, அவ்வளவுதான்.

பிற்காலத்தில் இதை இரண்டு விதமாக மாற்றினார்கள். ஃபின்லாந்துக்காரர் சாவோனியஸ் 1920-களில் செய்தது ரொம்ப எளிது. ஒரு பீப்பாயை மேலிருந்து கீழாக இரண்டாக அறுத்து, அரைப் பீப்பாய்களை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் விலக்கி நிறுத்திவிட்டால், குழிந்த பக்கம் காற்றைப் பிடித்துக்கொள்ளும், குமிழ்ந்த பக்கம் வழுக்கிவிடும். சின்னக் காற்றுக்கும் தானே கிளம்பிவிடும், ஆனால் வேகம் குறைச்சல். பிரான்ஸைச் சேர்ந்த டாரியஸ் செய்தது மெல்லிய வளைந்த இறக்கைகள் வைத்தது. பார்க்க அச்சாக முட்டை அடிக்கிற கருவி. வேகமாகச் சுற்றும், மின்சாரமும் கூட வரும். பெரும்பாலும் முதல் சுற்றுக்கு யாராவது தள்ளிவிட வேண்டும், அதுதான் குறை. அவர் 1931-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்.

இந்த ஜாதிக்கு நிஜமான நல்ல குணங்கள் உண்டு. ராட்டை ஜாதி காற்று வருகிற திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், இதற்கு அந்தத் தொல்லை இல்லை. மெதுவாகச் சுற்றுகிற பீப்பாய் ரகத்தில் சத்தமும் குறைவு. மின்சாரம் எடுக்கிற ஜெனரேட்டர் கீழேயே இருக்கலாம், ரிப்பேர் என்றால் தரையில் நின்று பார்க்கலாம். ஒயர்மேன் பெண்டாட்டி என்ற முறையில் எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. பெரிய காற்றாலைகளில் பையன்கள் 80 மீட்டர், 100 மீட்டர் ஏணியில் ஏறி வேலை பார்க்கிறார்கள். அவர்கள் வீட்டில் இருக்கிற பெண்களுக்குத்தான் அந்த ஏணியின் உயரம் தெரியும்.

அப்படியானால் நம் சீமையில் நிற்கிற ஆயிரக்கணக்கான காற்றாலைகளில் மத்து ஜாதி ஏன் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை? எனக்கு முதலில் எழுந்த கேள்வி இதுதான். தமிழ்நாட்டில் மின்வாரியம் 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் மாதிரிக் காற்றாலைகளை நிறுத்தியது. அப்போது ஒன்று 55 கிலோவாட். பிறகு கயத்தாறு, முப்பந்தல் என்று பரவி, மேற்கு மலையில் கணவாய் இருக்கிற பக்கமெல்லாம் முளைத்தன. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று மலை வழிவிடுகிற இடத்தில் தென்மேற்குக் காற்று வாய்க்கால் தண்ணீர் மாதிரி பாய்ந்து வருகிறது. இன்றைக்கு மாநிலத்தில் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10 ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல். எங்கள் பக்கத்து நூல் மில்களும் சொந்தக் காற்றாலை வைத்திருக்கின்றன. இத்தனையும் ராட்டை ஜாதிதான்.

மத்து ஜாதியைப் பெரிதாகச் செய்து பார்க்காமலும் இல்லை. கனடாவில் கியூபெக் மாநிலத்துக் காப்ஷா என்ற ஊரில் 110 மீட்டர் உயரத்தில் ஒன்றைக் கட்டி 1988-லிருந்து ஓட்டினார்கள். அத்தனை கனமும் அடியில் இருக்கிற பேரிங் ஒன்றின் மேல் இறங்கியது. 1993-ல் அது பழுதாகி நின்றதோடு சரி. இப்போது அது வேடிக்கை பார்க்கிற சாமான். கலிஃபோர்னியாவில் 1980-களில் நூற்றுக்கணக்கில் நிறுத்திய முட்டைக்கருவிகளில் அலுமினிய இறக்கைகள் விரிசல் விட்டன. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை ஒரு தடவை காற்றுக்கு முன்னாலும் ஒரு தடவை பின்னாலும் போகிறது. இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் கம்பி ஒடியாதா? அந்தக் கதைதான்.

சரி, நமக்கு வேண்டியது பெரிதில்லை, மாடியில் வைக்கிற சின்னதுதானே என்பீர்கள். நாத்தனாரும் அதைத்தான் கேட்டாள். இங்கேதான் கணக்கு வருகிறது. பயப்படாதீர்கள், படியளக்கிற கணக்குதான்.

ஒரு ஜாண் நீளம், ஒரு ஜாண் அகலம், ஒரு ஜாண் உயரத்தில் ஒரு பெட்டி. மூன்று பக்கமும் இரண்டு ஜாணாக இன்னொரு பெட்டி. சின்னப் பெட்டியில் அளந்து பெரிய பெட்டியை நிரப்பினால் எத்தனை கொள்ளும்? இரண்டல்ல, எட்டு. காற்றும் அப்படித்தான். வேகம் இரட்டித்தால் அதன் சக்தி எட்டு மடங்கு. வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். காற்றாடி விஷயத்தில் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் தப்பும்.

படத்தில் இருந்த காற்றாடி ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். "500 வாட்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஐ.டி.ஐ. படித்த நாத்தனார் மகன் கீழே பொடி எழுத்தைப் படித்தான். நொடிக்கு 12 மீட்டர் காற்றில், என்று இருந்தது. "அத்தை, அப்படின்னா மணிக்கு 43 கிலோமீட்டர். அந்தக் காத்துல குடை பிடிக்க முடியாது. கொடியில கிடக்கிற சேலை சேத்தூர்ல போயிக் கிடக்கும்" என்றான்.

இலை சலசலத்து முகத்தில் சிலுசிலுவென்று படுகிற காற்று மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். அந்தக் காற்றில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பரப்பில் வந்து மோதுகிற மொத்த சக்தியே 16 வாட்தான். அதையும் முழுசாகப் பிடிக்க முடியாது. ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் 1920-ல் வெளியிட்ட கணக்குப்படி எப்பேர்ப்பட்ட காற்றாடியும் நூற்றுக்கு 59 பங்குக்கு மேல் எடுக்க முடியாது. ஏன் என்றால், பந்தியில் சாப்பிட்டவர்கள் எழுந்து போனால்தானே அடுத்த பந்தி உட்கார முடியும்? வந்த காற்று வேகம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டால் பின்னால் வருகிற காற்று எங்கே போகும்? பீப்பாய் ரகம் கம்பி வரைக்கும் கொண்டு வந்து சேர்ப்பது ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 16-ல் ஐந்தில் ஒன்று, 3 வாட். இரவு பகல் ஒரே சீராக அந்தக் காற்று வீசினால்கூட, ஒரு நாளில் சேர்வது ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பை எட்டு மணி நேரம் எரிக்கிற அளவு. ஒரு யூனிட் சேர இரண்டு வாரம் ஆகும்!

காற்று இரட்டிப்பாகி மணிக்கு 22 கிலோமீட்டர் ஆனால் 26 வாட் வரும். தையல் மிஷின் மோட்டாருக்கே ஏறக்குறைய 100 வாட் வேண்டும். படத்தில் சொன்ன அந்த 43 கிலோமீட்டர் காற்றிலும் 200, 250-க்கு மேல் நான் எதிர்பார்க்க மாட்டேன்.

இனி, நம் மாடிக்கு எந்தக் காற்று வருகிறது என்று பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய ஸ்தாபனங்கள் கம்பம் நட்டு, உச்சியில் கிண்ணக் கருவி வைத்து, வருஷக் கணக்கில் அளக்கிறார்கள். (கிண்ணங்கள் சுற்றுகிற அந்தக் கருவியும் மத்து ஜாதிதான், பாருங்கள்.) சென்னை பள்ளிக்கரணையில் 1998-ல் தொடங்கிய மத்திய அரசின் காற்று சக்தி நிறுவனம் இந்த வேலையைச் செய்கிறது. கயத்தாற்றில் அவர்களுக்குக் காற்றாலைகளைச் சோதிக்கிற நிலையமும் இருக்கிறது. கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட அதே கயத்தாறுதான். நமக்குக் கருவி ஏது? நாத்தனாரிடம் மிச்சம் கிடந்த லைனிங் துணியை இரண்டு விரல் அகலத்தில், ஒரு முழத்துக்குக் கிழித்து, மாடிக் கொடிக் கம்பின் உச்சியில் கட்டினோம். காலை, உச்சி, சாயங்காலம், படுக்கப் போகுமுன் என்று நாளைக்கு நாலு தடவை பார்த்து, பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே குறித்தோம்.

துணி தொங்கினால் சைபர். முகத்தில் காற்று பட்டு இலை சலசலத்தால் 1, அதாவது மணிக்கு 6-லிருந்து 11 கிலோமீட்டர். துணி நீட்டிப் பறந்து, சுள்ளிகள் ஓயாமல் ஆடினால் 2, அதாவது 12-லிருந்து 19. புழுதியும் காகிதமும் கிளம்பினால் 3, அது 20-லிருந்து 28. இது நாங்களாகக் கண்டுபிடித்ததில்லை. 1805-ல் போஃபர்ட் என்ற ஆங்கிலக் கடற்படை அதிகாரி கப்பல் பாயைப் பார்த்துச் செய்த அட்டவணையைப் பிற்பாடு தரைக்கு மாற்றினார்கள், அதைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டோம்.

ஆடியில் எழுத ஆரம்பித்தோம். பகலில் 2, 3 என்று விழுந்ததும் நாத்தனார் முகத்தில் சிரிப்பு. ஆனால் அடிவாரத்துக் காற்று அழுகிற பிள்ளை மாதிரி, ஓங்கிக் கத்தும், சட்டென்று ஓயும், வேறு பக்கத்திலிருந்து மறுபடி வரும். ராத்திரியில் பெரும்பாலும் சைபர். ஆவணி கழிந்ததும் குறைய ஆரம்பித்தது. ஐப்பசித் தாளில் சைபரைத் தவிர வேறு எண்ணைத் தேட வேண்டியிருந்தது. ஆடியை மட்டும் பார்த்துக் காற்றாடி வாங்குவது, கல்யாணப் பந்தியில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு அந்த வீட்டுச் சமையலை மெச்சுகிற மாதிரி.

இதில் ஊரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. தேவதானத்தைச் சுற்றித் தென்னையும் மாவும், பின்னால் மலை. காற்று தரையோடு வரும்போது வீடும் மரமும் அதைத் தடுத்துக் கலக்கிவிடுகின்றன. சின்னக் காற்றாடியானாலும், சுற்றிலும் 150 மீட்டருக்குள் இருக்கிற எதைவிடவும் 9 மீட்டராவது உயரத்தில் நிற்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்கிற விதி. 60 அடித் தென்னை இருந்தால் 90 அடிக் கம்பம்! எங்கள் பக்கத்துப் பஞ்சபூதத் தலங்களில் தேவதானம் ஆகாயத் தலம், காற்றுக்கு உரியது தென்மலை. "நம்மூருக்கு ஆகாசத்தைக் குடுத்துட்டு காத்தைத் தென்மலைக்குக் குடுத்துட்டாரு, நாம என்ன செய்ய" என்று மாமியார் சொல்லிச் சிரித்தார்.

காற்று நின்றால் என்ன ஆகும் என்பது நமக்கு ஒன்றும் தெரியாததல்ல. 2008-லிருந்து நாலைந்து வருஷம் பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா? 2012-ல் நாளில் பாதி நேரம்கூடக் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மாவு ஆட்டினோம். கைக்குழந்தைக்கு விசிறிக்கொண்டே விடிந்தது. காற்று சீஸனில் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது, காற்றாலைகள் நின்றதும் கட் கூடியது. ஒரு மாநிலத்துக்கே அந்தக் கதி என்றால், ஒற்றைக் காற்றாடியை நம்புகிற வீட்டுக்கு எப்படி இருக்கும்?

வேறு இரண்டு விஷயம் பெண்கள் கட்டாயம் கேட்க வேண்டும். சுற்றுகிற சாமானின் அதிர்வு கம்பம் வழியாகத் தளத்தில் இறங்கும். பழைய தளமானால் கட்டிய கொத்தனாரைக் கேட்காமல் துளை போட விடாதீர்கள். பிள்ளைகள் பட்டம் விடுகிற மாடியில் கைக்கு எட்டுகிற உயரத்தில் சுற்றுகிற இறக்கை கூடவே கூடாது. இன்னொன்று பேட்டரி. ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். மாடிப்படிக்கு அடியில் காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறதென்று அங்கே வைத்துவிடுவார்கள். வேண்டாம். காற்றோட்டமான இடத்தில், குழந்தைகள் கை படாமல் இருக்க வேண்டும். சில வருஷத்துக்கு ஒரு தரம் பேட்டரி மாற்றுகிற செலவை விற்க வருகிறவர் தானாகச் சொல்ல மாட்டார். நீங்கள்தான் வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

மத்துக் காற்றாடியே மோசம் என்று நான் எழுதியதாக நினைத்துவிடாதீர்கள். கடற்கரையோரம் வெட்டவெளியாக, மலை முகட்டில் தனியாக, கம்பி போகாத இடத்தில், சோலார் பேனலோடு ஜோடி சேர்த்து வைத்தால் அதற்கு வேலை இருக்கிறது. மழை மூடிய நாளில் வெயில் விட்டதைக் காற்று பிடிக்கும். தெருவுக்குள், மரத்துக்கு நடுவே இருக்கிற வீடுகளுக்கு வெயில்தான் சரி. 1 கிலோவாட் சோலார் பேனல் நம் வெயிலுக்கு நாளைக்குச் சராசரி 4 யூனிட் கொடுக்கும். நூறு சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய வீட்டுக்கூரை சோலார் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், 2-க்கு 60 ஆயிரம், 3-ம் அதற்கு மேலும் 78 ஆயிரம் ரூபாய் என்று மானியம் வைத்தார்கள். ஒன்று மட்டும் கவனம். பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு மட்டும் சேர்க்கிற சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதே என்பதற்காக. பில் குறையும், ஆனால் கட் நேரத்தில் மிஷின் ஓடாது.

நாத்தனார் சங்கிலியைக் கழற்றவில்லை. தையல் மிஷினுக்குப் பழைய கால் மிதியைத் துடைத்து எண்ணெய் போட்டு மாட்டிக்கொண்டாள், மோட்டாரும் இருக்கிறது, மிதியும் இருக்கிறது. சோலார் போடலாமென்றால் மின் இணைப்பு இன்னும் காலமான மாமனார் பேரில் இருக்கிறது. முதலில் பெயர் மாற்ற வேண்டும், அதற்கு அண்ணன் தம்பிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அது தனிப் புராணம்.

அவள் மகனுக்குத்தான் ஆசை விடவில்லை. வீட்டில் கிடந்த நீல பிளாஸ்டிக் பீப்பாயை இரண்டாக அறுத்து, ஓட்டை சைக்கிளின் சக்கர அச்சில் கோத்து, டைனமோவும் மாட்டித் தோட்டத்தில் நட்டுவிட்டான். ஆடிக் காற்றில் ஒரு குட்டி பல்பு மினுக் மினுக்கென்று எரியும். கடலையைக் கொத்த வருகிற மயில்கள் அது சுற்றுகிறதைப் பார்த்து நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் அதன் நிழலிலேயே நின்று கொத்திக்கொண்டிருந்தன.